ஜிம்மிக்காகப் பழகிய விசில்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று ஏலப்பாறை ரோட்டில், ஊர் சுற்ற வந்த ஒரு பெண்பிள்ளை தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றது. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். நாய் தேயிலைக்குள் எதையோ மோந்துகொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டே போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு எழாது, வந்துவிட்டேன்.

அந்த நாய் என்னை உரசிக்கொண்டு போனபோது நனைந்த ரோமத்தின் வாடை அடித்தது. எங்கள் ஜிம்மி மழையில் அப்படித்தான் நாறுவான். நான் கொழுந்து எடுக்கப் போன காலத்தில் என் பின்னாலேயே மலைக்கு வருவான். நல்லவன்தான். காட்டுக்கோழி கத்தினால் மட்டும் காது இரண்டும் அடைத்துப்போகும், மலை ஓரத்துச் சோலைக்காட்டுக்குள் ஓடிவிடுவான். ஒரு மழைக்காலத்தில் அங்கே சிறுத்தை இறங்கி, நாங்கள் குடியிருந்த லயத்தின் நாய் இரண்டைத் தூக்கிவிட்டது. கங்காணி சொன்னார்:

"இந்தா பாரும்மா, கூப்பிட்டா வர்ற நாயின்னா கொண்டா. இல்லேன்னா லயத்துலயே கட்டிப் போடு. அது பின்னால சிறுத்தை வந்து பொம்பளையாளுக மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கட்டிப் போட்டால் கயிற்றைக் கடித்துவிட்டுச் சோலை வழியே தனியாக வருவான். அதற்கு நானே அவனைச் சிறுத்தைக்குக் கொடுத்துவிடலாம்.

பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற என் நாத்தனார் செல்லம்மா சிரித்தாள். "நீங்க கூப்பிடுறதே சாயந்தரம் கட்டிப் போடத்தான மதினி. நானா இருந்தாலும் வர மாட்டேன்."

யோசித்தால் சரிதான். போதாததற்கு லயத்துப் பிள்ளைகள் சும்மா சும்மா கூப்பிட்டு அவன் பேரையே தேய்த்து வைத்திருந்தார்கள். அதனால் தூக்குவாளி மூடியைத் தட்டிப் பழக்கினேன். வந்தால் ஒரு நெத்திலிக் கருவாடு. வீட்டில் நன்றாக வந்தான். மலையில் சாப்பாட்டு நேரத்தில் முப்பது பேரும் மூடியைத் தட்டித் திறக்க, முப்பது பேரிடமும் ஓடினான். என் புத்தி அவ்வளவுதான்.

வேறு யாரும் போடாத சத்தம் வேண்டும். என் தொண்டையோ எழும்பாது. விசில்தான் மிச்சம். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதி ஊதிப் பழகினேன்.

"என்ன மதினி, சினிமாக் கொட்டகையில தரை டிக்கெட்டா எடுத்திருக்கீக?" என்றாள் செல்லம்மா வெளியே நின்று.

விசிலுக்கு முதலில் அடுப்படியில் வந்தான். பிறகு ஆட்டுக்கயிறு இரண்டை நீளமாக முடிந்து அவனைக் கட்டி, கோழி மேயும் முற்றத்தில் ஊதினேன். அப்புறம்தான் மலை, அதுவும் சோலைக்கு எட்டத்தில். வந்ததும் கருவாடு கொடுத்து, உடனே "போடா" என்று விட்டுவிடுவேன். கட்ட வேண்டுமானால் நானே அவனிடம் நடந்து போவேன். விசிலடித்துக் கூப்பிட்டுக் கட்டியதே இல்லை.

ஒரு நாள் நிரைக்குள்ளிருந்து மிளா மான் ஒன்று எழுந்து சோலையைப் பார்த்து ஓடியது. ஜிம்மி அதன் பின்னால். எல்லாரும் பார்க்கிறார்கள், கங்காணியும். வெட்கத்தில் வாய் காய்ந்து முதல் தடவை சத்தமே வரவில்லை. விரலை நனைத்து மறுபடி ஊதினேன். சோலை ஓரத்தில் நின்றான். மிளா போன பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

வாளியிலிருந்த கருவாடு அத்தனையும் அவனுக்குத்தான். நான் வெறும் கஞ்சி குடித்தேன். "நாளைக்கும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார் கங்காணி.

ஜிம்மி வயதாகித்தான் செத்தான். அந்த மலை இப்போது புதர். முன்பல் போனதிலிருந்து எனக்கு விசிலும் வருவதில்லை.

ஓடியது மிளாதானா, இல்லை கேழையாடு என்கிற சின்ன மானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. செல்லம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வந்ததைக் கேட்க வேண்டாம், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.