யாரோ சார் வகுப்பில் எழுந்து நின்றவள்

என் அக்கா புருஷன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'யாரோ சார்' என்றால்தான் தெரியும். என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், வேலை முடிந்து மாலையில் வருகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். நன்றாகவே சொல்லித் தருகிறார், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை. ஆனால் மனுஷனுக்கு நாக்கெல்லாம் விஷம்.

தினமும் வகுப்பில் இருக்கும் யாராவது ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், போர்டில் ஒரு வாக்கியம் எழுதுவார். தமிழில் 'டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட ஒருவர்' என்றால், ஆள் வருவதற்குள் அவர் செய்த காரியம் வந்துவிடும். ஆங்கிலத்தில் தலைகீழ். 'சம்ஒன்', அதாவது 'யாரோ', என்று முகம் தெரியாத ஓர் ஆளை முதலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு 'ஹூ' போட்டு, அவர் செய்ததை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அத்தான் 'சம்ஒன்' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்பார். 'ஹூ' எழுதுவார். மறுபடியும் நிற்பார். இன்றைக்கு யார் மானம் போகப்போகிறதோ என்று அத்தனை பேரும் சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'எவ்ரிஒன் ஹூ' என்றால் ஒரு வரிசையே காலி. 'நோபடி ஹூ' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எல்லாரும் பிழைத்தார்கள்.

வாக்கியம் யாருக்குப் பொருந்துகிறதோ அவர் தானாக எழுந்து, அதைப் படித்து, தன்னைப் பற்றி இன்னொரு 'ஹூ' சேர்த்து நீட்ட வேண்டும். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன் தலை தப்பிய சந்தோஷம்தான் அந்தச் சிரிப்பில் பாதி. வழுக்கைக்குத் தொப்பி போடுகிற லாரி டிரைவர், மாமியாரிடம் அடி வாங்கிய தையல்காரர், எல்லாரும் நின்றிருக்கிறார்கள்.

"ஏன் அத்தான் இப்படிக் குத்திக் காட்டுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் யார் பேரையாவது சொன்னேனா? எந்திரிச்சவன் தானா ஒத்துக்கிட்டான். வெக்கப்பட்டுப் படிச்சது சாகுற வரைக்கும் மறக்காது மச்சான்."

அவருடைய ஒரே மகளும் அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார், சீக்கிரம் மகளையும் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்வார் என்று அத்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். கப்பலாவது கத்தரிக்காயாவது! இனி இந்தப் பக்கமே வராதே என்று அவன் அவளை விரட்டிவிட்டான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சொன்னாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா. போர்டுல எழுதிடுவார்."

"பெத்த பொண்ணையா எழுதுவார்?"

"எழுதுவார். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால் அத்தானிடம் நான் சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் அங்கே படித்தாள். சில நாள் ஏன் வரவில்லை என்று அத்தான் கேட்டபோது, புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து தன்னை வெளியே தள்ளிவிட்டான் என்று அவரை நம்பிச் சொல்லியிருக்கிறாள். அதை அவர் கீழே வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவளை எழுதாதீங்க அத்தான், பாவம்."

"பார்ப்போம்" என்றார்.

மறுநாள் பிரதிகளைக் கொடுக்க மாடிக்குப் போனேன். 'சம்ஒன்' எழுதி, 'ஹூ'வும் எழுதி நின்றிருந்தார். நான் வாசலில் நிற்கும்போதே மீதியை எழுதினார். புருஷன் விரட்டிவிட்ட யாரோ ஒருத்தி இந்த அறையில் இருக்கிறாள்.

லாண்டரிப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழப் பார்த்தாள். அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. என் அக்கா மகள் எழுந்து நின்றாள்.

மகள் தமாஷ் செய்கிறாள் என்று அத்தான் நினைத்துவிட்டார். "பரவாயில்லையே! படி, படிச்சிட்டு நீட்டு" என்றார்.

படித்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொந்தமாகச் சேர்த்தாள். புருஷன் கப்பலில் இருக்கிறான் என்று அப்பாவிடம் பொய் சொல்லிக்கொண்டு, அவர் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள். ஒரு பிழையும் இல்லை.

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. சார் மகளே நிற்கிறாள் என்றால் கேட்க வேண்டுமா? எல்லாரையும்விட லாண்டரிப் பெண்தான் அதிகமாகச் சிரித்தாள். மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மகள் முகத்தைப் பார்த்த பிறகு அத்தானுக்கு விளங்கிவிட்டது. "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினார். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கப் பழக்கியதே அவர்தானே.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே ஓடினேன். பாதியில் நின்று திரும்பினாள்.

"உங்களை நம்பித்தானே சொன்னேன் மாமா. இப்படிப் பண்ணிட்டீங்களே."

பழி என் தலையில் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "சத்தியமா நான் சொல்லலைம்மா. அவர் எழுதினது உன்னைப் பத்தியே இல்ல. அந்த லாண்டரிப் பொண்ணைப் பத்தி."

"அப்ப, அப்பாவுக்குத் தெரியாதா?"

"இப்பத்தான் தெரியும். நீ சொல்லித்தான்."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.