கீழ் ஓரத்து இரண்டு எழுத்து

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டிலிருந்து 'சாவி பக்கத்து வீட்டில்' என்கிற தகவல் வரை எல்லாமே வழக்குத் தாள்களின் கிழிந்த அடிப்பாதியில்தான் எழுதப்படும். சித்தி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். பிழையாகிப்போன தாள்களின் மேல்பாதியை அங்கேயே சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். கட்சிக்காரர் பெயர் வாசல் தாண்டக் கூடாது. அந்த மிச்சத் துண்டின் இடது ஓரத்தில் எறும்பு மாதிரி இரண்டு எழுத்துகள் இருக்கும். சித்தி பெயரின் முதலெழுத்துகள். இதைத் தட்டச்சு செய்தது யார் என்பதற்கான அடையாளம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வழக்கறிஞர் சார் சொன்னாராம்: "நாளைக்கு ஒரு தப்பு வந்தா யாரைத் திட்டறதுன்னு எனக்குத் தெரியணும்மா."

இருபத்து மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியேறியதும் பழைய தாளின் வாசனையும் புதுத் தோலின் வாசனையும் சேர்ந்து வரும். அங்கே சித்திக்கு 'கமாக்கா' என்று பெயர். அச்சாகி நீதிமன்றம் வரை போய்விட்ட மனுவை, ஒரே ஒரு கமாவுக்காக ஓடிப்போய் மறித்து வாங்கிவந்தவள் என்பதால். இளம் வழக்கறிஞர்கள் கதவில் தலையை மட்டும் நீட்டுவார்கள். "கமாக்கா, இதுக்கு மேல்முறையீடு எத்தனை நாளுக்குள்ள போடணும்?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வரும். மனுவை எழுதுவதும் அவள்தான். சார் ஒரு பார்வை பார்த்து, பென்சிலால் அவள் பெருக்கல் குறி போட்டு வைத்த இடத்தில் கையெழுத்திடுவார்.

தன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் கல்லூரியைப் பாதியில் விட்டவள் சித்தி. பட்டம் இல்லாமல் சட்டக் கல்லூரியின் படியை மிதிக்க முடியாது. அதனால் அந்த ஆசையை அவள் வெளியே சொன்னதே இல்லை. போன வருடம் சட்டக் கல்லூரி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பட்டம் இல்லாவிட்டாலும், சட்ட அலுவலகத்தில் பதினைந்து வருட அனுபவம் இருந்தால் தனி வழியில் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அனுபவக் கோப்பு, நேர்காணல், வழக்கறிஞர் தாமே எழுதிய சான்றுக் கடிதம்.

அறிவிப்பைச் சித்தி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான்கு தடவை படித்தாள். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக்.

"மேல போக இன்னொரு வழி இருக்குன்னா என்கிட்டல்ல முதல்ல சொல்லணும்?" என்றார்.

"உங்க லிஃப்டெல்லாம் பாதியில நிக்கிறது. இது நிக்காது."

"நிக்காம இருந்தா நான் எப்படிப் பொழைக்கிறது?"

சித்தி சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரிப்பது அபூர்வம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இஸ்திரி மேசை மேல் கோப்பு வளர்ந்தது. கடைசியில் கடிதம் மட்டும்தான் பாக்கி. சாரிடம் கேட்டதற்கு, கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீயே அடிச்சு எடுத்துட்டு வாம்மா, போட்டுத் தரேன்." சித்திக்கு அதில் வினோதமாக எதுவும் படவில்லை. அந்த அலுவலகத்தில் சார் எழுதியது என்றாலே சித்தி எழுதியது என்றுதான் அர்த்தம்.

தன்னைப் பற்றித் தானே எழுத அவளுக்குக் கூச்சம். இரண்டு நாள் கை ஓடவில்லை. ஒருவழியாக, 'இவர் மனுக்களைத் தாமே எழுதுவார்' என்று ஒரு வரி வைத்தாள். சார் அதில் மட்டும் பேனாவை நிறுத்தினார். 'எழுத உதவுவார்' என்று திருத்தினார்.

"தாமேன்னு போட்டா அப்புறம் நான் எதுக்குன்னு கேப்பாங்கல்ல?" என்று சிரித்தார். சித்தியும் கூடச் சிரித்து வைத்தாளாம். திருத்தி, மறுபடி அச்செடுத்து, பெருக்கல் குறி போட்டு நீட்டினாள்.

நேர்காணலுக்குத் துணையாக நான் போனேன். அறையில் புழுக்கம் என்று கதவிடுக்கில் அட்டையை மடித்துச் செருகித் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. வாடகைதாரர் ஒருவரின் கதையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். சித்தி மூன்று வழி சொன்னாள். மூன்றாவதைச் சொல்லிவிட்டு, "ஆனா அதைச் செய்யாதீங்க, நீதிபதிக்குக் கோபம் வரும்" என்றாள். உள்ளே இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் ஓர் அம்மாவின் குரல்.

"இந்த லெட்டர்ல கீழ ரெண்டு எழுத்து இருக்கே, என்னது?"

"டைப் பண்ணவங்க அடையாளங்க."

"உங்க பேரோட எழுத்து மாதிரி இருக்கு."

"ஆமாங்க. நான்தான் பண்ணேன்."

"டைப் பண்ணது சரி. எழுதினது யாரு?"

சார் சொல்லச் சொல்ல அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு முடிந்திருக்கும். பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க எழுதினேன். சார் பார்த்து ஒரு இடத்துல மாத்தினாரு."

"எந்த இடத்துல?"

நாற்காலி கிறீச்சிட்டது.

"அது... சின்னத் திருத்தம்தாங்க."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கோப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லியிருக்கலாம்ல சித்தி?" என்று கேட்டேவிட்டேன். "சத்தியம் வாங்கற இடத்துலயே காலத்தை ஓட்டிட்டேன்டா. வாய் வரல" என்றாள்.

பதினேழாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தாமே எழுதிய சான்றை ஏற்க விதியில் இடமில்லை. அனுபவம் பாராட்டுக்குரியது.

அன்று மாலை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். சார் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

"உனக்கென்ன கிறுக்காம்மா? அந்த எழுத்தை எதுக்குப் போட்டே?"

"டைப் பண்ணா போடணும்னு சொல்லியிருக்கீங்க சார்."

"எல்லாத்துலயுமா போடுவாங்க!"

"எல்லாத்துலயும்னுதான் சார் சொன்னீங்க."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "சரி விடு. அடுத்த வருஷம் நானே உக்காந்து எழுதித் தரேன், போதுமா?"

"ஒரு முறைதான் சார்."

"அப்படியா? எங்க போட்டிருக்கு?"

"விதி ஒன்பது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைய வழக்கின் கட்டை மெதுவாக அவள் மேசை மேல் வைத்தார். சித்தி உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். நான் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

வீட்டில் சித்தப்பா லிஃப்ட் நகைச்சுவையை அடியோடு நிறுத்திவிட்டார். கோப்பு இஸ்திரி மேசைக்கு அடியில், துணிக்கூடைக்குப் பின்னால் கிடக்கிறது. காலையில் சித்தி அதே எட்டேகால் பேருந்தைப் பிடிக்கிறாள்.

நேற்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'சோப்பு, ஊசி, பல்பு இரண்டு.' கடைக்குப் போகிற வழியில் எதற்கோ அதைத் திருப்பினேன். ஏதோ ஒரு மனுவின் கடைசி நான்கு வரிகள். வழக்கம்போல ஒரு பிழையும் இல்லை. இடது ஓரத்தில் எழுத்துகளையும் காணோம். வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையில் கிடந்த துண்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேதியைப் பார்த்தால், கல்லூரியின் பதில் வந்ததிலிருந்து மூன்று மாதமாக எதிலும் இல்லை.

"சார் ஒண்ணும் கேக்கலையா சித்தி?"

பல்பை விளக்கில் திருகிக்கொண்டே சொன்னாள்: "அவர் எங்க பார்த்தாரு?"