அம்மா வாசிக்காத செய்தி

என் அம்மா பேச்சி தம்பானூரில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். கல்யாணமாகி அம்பாசமுத்திரம் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்தவள். அப்பா போன பிறகு மூத்த மகளான என்னையும் தம்பி சுஜினையும் அந்த வேலையை வைத்தே படிக்கவைத்தாள். இந்த ஊரில் பிறந்தவளைப் போல மலையாளம் பேசுவாள். அதனால் சுஜினின் பள்ளி அவளைப் பெற்றோர் சங்கக் கமிட்டியில் சேர்த்தது. தமிழ்க் குடும்பங்களின் சார்பில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன மே மாதம் கமிட்டி கூடியபோது நான் லீவில் வந்திருந்தேன். அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு வராந்தாவில் நின்றேன். பக்கத்தில் சொரிமுத்து மாமாவும் அவர் மகள் அனுஷாவும். மாமா கட்டட வேலைக்காரர், எங்கள் தெரு. அனுஷா பத்தாம் வகுப்புக்கு அதே பள்ளியில் போவாளா, டி.சி. வாங்கிக்கொண்டு வெளியேறுவாளா என்பது அன்று முடிவாக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் அவள் தோற்றிருந்தாள். அப்படித் தோற்றவர்களுக்கு ஏப்ரலில் தனி வகுப்பு, பிறகு மறுபரீட்சை என்று பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் மலையாளத்தில் செய்தி வந்தது. சாரத்தில் நின்றபடி அதைப் பார்த்த மாமா ஒரு தம்ஸ்-அப் போட்டார். எந்தச் செய்தி வந்தாலும் அவர் போடுவது அதுதான். மறுநாள் ஊர்க் கோயில் கொடைக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது.

செய்தி போய்ச் சேர்ந்ததும் புரிந்ததும் ஒன்றல்ல. நான் பார்க்கும் நெட்வொர்க் வேலையில் முதலில் படிப்பது இது. பள்ளிக்கு அந்தத் தம்ஸ்-அப் போதுமானதாக இருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. தலைமையாசிரியை பிந்து டீச்சரின் குரல் கேட்டது.

"மெசேஜ் அயச்சாச்சு, அச்சன் தம்ஸ்-அப்பும் இட்டாச்சு. பின்னே நான் என்ன செய்யணும், பேச்சி சேச்சி? மூணு வருஷமா நமக்கு நூறு சதமானம் ரிசல்ட். ஒரு குட்டி தோத்தா அது போச்சு. வேற ஸ்கூல்ல சேர்ந்து படிக்கட்டுமே."

சங்கத் தலைவர் ஷிஜு சிரித்தார். "உற்சவத்துக்குப் போக நேரமுண்டு, பரீட்சைக்கு நேரமில்ல. நல்ல பக்தியாக்கும்!"

"ஷிஜு சாரே, ஆற்றுகால் பொங்காலை அன்னைக்கு உங்க வீட்ல யாரு அடுப்பு மூட்டாம கணக்குப் படிச்சது?" என்றாள் அம்மா.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஷிஜு சிரிக்கவில்லை.

"அது சரி சேச்சி. ஆனா வாசிச்சிட்டுப் போயிருக்காரே. அதுக்கு என்ன பதில்?" என்றார் பிந்து டீச்சர்.

வராந்தாவில் அனுஷா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வாசிக்கல," என்றாள் அம்மா. "அந்த மெசேஜுக்கு நானுந்தான் தம்ஸ்-அப் போட்டேன். எனக்கு மலையாள எழுத்து தெரியாது டீச்சர். சுஜின் வாசிச்சுச் சொல்லுவான். அவன் அதுக்கு முன்னாலயே கொடைக்குப் போயிட்டான். சொரிமுத்துக்கும் தெரியாது. எங்க ஆளுகள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. நல்லாப் பேசுதோம்லா, அதனால யாருக்கும் சந்தேகம் வராது. சொல்ல நாணக்கேடு."

"அப்போ மினிட்ஸ்ல இட்ட கையொப்பெல்லாம்?" ஷிஜுவின் குரல் ஏறியது.

"வாசிக்காமத்தான் இட்டேன். என்னைய வேணும்னா எடுத்துருங்க சாரே. புள்ளைக்குப் பரீட்சை வையுங்க."

சொரிமுத்து மாமாவின் முகம் சிவந்தது. "எக்கா இத ஏன் வெளிய சொன்னா? நாளைக்கு மேஸ்திரி காதுல விழுந்தா என்னைய மனுசனா மதிப்பானா?"

"எப்பா, சும்மா இரி," என்றாள் அனுஷா.

பிந்து டீச்சரின் குரல் மறுபடி கேட்டது. "மேல கேட்டுப் பாக்கறேன். அனுமதி கிடைச்சா ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வைக்கலாம். அதுலயும் தோத்தா, சேச்சி?"

"எழுதித் தோக்கட்டும் டீச்சர்."

அனுமதி கிடைத்தது. அனுஷா எழுதினாள், மயிரிழையில் தேறினாள். ஜூனில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். இப்போதும் கணக்கில் தடுமாறுகிறாள். பள்ளிக் குழுவில் பிந்து டீச்சர் குரலாகவே செய்தி அனுப்புகிறார். கடைசியில் தட்டுத் தடுமாறி இரண்டு வரி தமிழும் சொல்கிறார்.

அதே ஜூனில் புதிய கமிட்டி வந்தது. அம்மா அதில் இல்லை. படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஷிஜு சொன்னாராம், மரியாதையாகத்தான். "இனி மீட்டிங்குக்கு லாட்ஜுல லீவு கேக்க வேண்டாம்," என்று போனில் என்னிடம் சொன்னாள். 

ஆகஸ்டில், துவைத்த விரிப்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். இதயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை நான் வந்து சேர்ந்தபோது மாமா வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். அனுஷா யூனிஃபார்மில், தோளில் பையோடு வந்து, கிடத்தியிருந்த என் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னைக்கு லீவு போடட்டா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கணக்கு கிளாஸ் உண்டா?"

"ஃபர்ஸ்ட் பீரியட்."

"அப்போ போ."

அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.