மூன்று முறை அடித்த மணி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். போன டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க்கில், என் சொந்தக் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று அறை, மூன்று குடித்தனம், ஒரே சமையலறை. வாசலில் ஒரே அழைப்பு மணி. ஒருமுறை அடித்தால் எனக்கு. இரண்டு என்றால் ரிம்மாவுக்கு. மூன்று என்றால் கிழவர் அவெரியனுக்கு. அடுத்தவர் மணிக்கு யாரும் கதவைத் திறப்பதில்லை. அவெரியன் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் அறைக்கதவில் நகராட்சி ஒட்டிய காகித முத்திரை அப்படியே இருந்தது. அந்த அறை எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான். அதனாலேயே எனக்கும் ரிம்மாவுக்கும் ஜென்மப் பகை.

போரைத் திட்டினால் இங்கே ஜெயில். அவளோ அதைத் திட்டிக்கொண்டேதான் உருளைக்கிழங்கு உரிப்பாள். அதை அப்படியே எழுதி, மேலிடத்துக்கு ஒரு புகார்க் கடிதம் தயார் செய்தேன். அவள் உள்ளே போனால் அறை எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன். மறுநாள் தபாலில் போடலாம் என்று கோட்டுப் பையில் வைத்திருந்தேன்.

டிசம்பர் எட்டு. மாலை 4.10. வெளியே இருட்டிவிட்டது.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்.

ரிம்மா கரண்டியோடு நடைவழிக்கு வந்தாள்.

"மத்வேய், உன் கூட்டாளி எவனாச்சும் குடிச்சிட்டு அடிக்கிறானா?"

"எனக்கு ஒண்ணுதான். வாய மூடு."

4.12. முத்திரையிட்ட அறைக்குள் செருப்புச் சத்தம். சரக்... சரக்... அறைக்கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனது. சங்கிலி கழன்றது. பூட்ஸ் சத்தம் உள்ளே வந்து அவெரியன் அறைப் பக்கம் போனது. ஆளைக் காணோம்.

4.20. மூடிய அறைக்குள் யாரோ நிதானமாக வாசித்தார்கள். அவெரியனின் குரல். அதே இருமல்.

"என் பக்கத்து அறைக்காரி ரிம்மா, போரைத் திட்டுகிறாள்..."

என் கடிதம். ஒரு வரி மாறவில்லை.

"அடப்பாவி!" என்றாள் ரிம்மா.

குரல் நிற்கவில்லை.

"என் பக்கத்து அறைக்காரன் மத்வேய், வெளிநாட்டு வானொலி கேட்கிறான்..."

அவள் முகம் வெளுத்தது.

"நான்... அத இன்னும் அனுப்பவே இல்லடா."



விளக்கு அணைந்தது.

5.00. விளக்கு வந்தது. முத்திரை கிழியவில்லை. என் கடிதம் என் பையில், அவளுடையது அவள் அலமாரியில். இரண்டையும் அடுப்பில் போட்டு எரித்தோம். ஒருவரையொருவர் பார்க்கக் கூசியது.

பதினொரு நாள் கழித்து ரிம்மாவைக் கைது செய்து கொண்டுபோனார்கள். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மேசைமேல் என் கடிதம். என் கையெழுத்தேதான். அதன் அடியில் அவள் எழுதியது.

"சார், நான் இத அனுப்பல."

"நான்தான் எட்டாந்தேதி வந்து வாங்கினேன். மூணு தடவ மணி அடிச்சேன். பெரியவரு அவெரியன் கதவத் திறந்தாரு. நாப்பது வருஷமா அக்கம்பக்கத்தாரப் பத்தி எங்களுக்கு எழுதிக் குடுக்கிறவராச்சே. நீங்க ரெண்டு பேரும் நடையிலதான நின்னீங்க? வணக்கம்கூடச் சொல்லல."

"அவரு செத்து ரெண்டு வருஷமாச்சு, சார்..."

அதிகாரி ஃபைலை மூடினார்.

"எனக்கு டீ போட்டுக் குடுத்தாரே. வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்காரு. உங்களப் பத்தி இன்னும் நெறைய இருக்காம்."