ஹிரோனிம் டுபியெலின் இரண்டு கல்லறைகள்

திரையில் தெரிந்த கல்லில் அப்பாவின் பெயர் இருந்தது. பிறந்த வருடம் சரி. இறந்த வருடம் 1945 என்று செதுக்கியிருந்தது.

போக்னா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். பிறகு உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். லிஃப்ட்களைப் பரிசோதித்துச் சான்று தருவது அவள் வேலை. ஓர் அளவு நம்பும்படி இல்லையென்றால் மறுபடி அளந்து பார்ப்பாள். மறுபடி பார்த்தபோதும் அதே பெயர்தான், அதே வருடம்தான்.

அப்பா இறந்தது இந்த மார்ச்சில். ஒப்போலே மருத்துவமனையில், அவள் கையைப் பிடித்தபடி. அவரைப் புதைத்த மண் இன்னும் இறுகவில்லை. அடுத்த வருடம்தான் கல் வைக்க முடியும் என்று கல்தச்சர் சொல்லியிருந்தார்.

இந்தக் கல் வேறோர் ஊரில், லெக்னிட்சாவில் இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கல்லறைகளைப் படம்பிடித்து இணையத்தில் போடும் ஆர்வலர் யாரோ ஏற்றியிருந்தார். மேலே அப்பொலோனியா என்று அப்பாவின் அம்மா பெயர், கூடவே போக்னா கேள்விப்படாத ஒரு குடும்பப் பெயர். அதற்குக் கீழே, 'அவள் மகன் ஹிரோனிம் டுபியெல், ஏழு வயது'. கல்லின் அடியில் சிவப்புக் கண்ணாடி விளக்குகள். கழுவித் துடைத்த கல், புது விளக்குகள். அப்பாவுக்காக யாரோ விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சொன்ன கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். போர் முடிந்த கோடையில், எல்லை மாறியதால், கிழக்கிலிருந்து எல்லோரையும் மேற்கே அனுப்பினார்கள். கூரையில்லாத சரக்கு வண்டி. அம்மா, அக்கா லோஜ்யா, அவர், ஒரு பசு. பெயர் தெரியாத ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. வெந்நீர் பிடித்து வரும்படி அக்கா வாளியைக் கொடுத்து அனுப்பினாள். குழாயடியில் நீண்ட வரிசை. பையன் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற பெரிய இன்ஜினைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது வாளி இருந்தது, வண்டி இல்லை.

ஒரு ரயில்வேக்காரர் குடும்பம் அவரை வளர்த்தது. அப்பா இதை எப்போதும் சிரித்தபடிதான் ஆரம்பிப்பார். இன்ஜின் வரைக்கும் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் பெருவிழா அன்று, தொலைவில் புதைக்கப்பட்டவர்களுக்காக எல்லோரும் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் விளக்கேற்றுவார்கள். அப்பா தன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அங்கே ஒரு வருடம்கூட ஏற்றியதில்லை. "செத்துட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

லெக்னிட்சா கல்லறை அலுவலகத்தில் யாருடைய எண்ணையும் தரமாட்டோம் என்றார்கள். வேண்டுமானால் உங்கள் எண்ணை அந்தக் குடும்பத்திடம் கொடுக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு போக்னா லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதும் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அது விதிக்கு விரோதம். சிக்னல் கிடைக்காத இடங்களில் நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்த்தாள்.

அழைப்பு வந்தபோது ஒரு ஆண் குரல் கடுகடுவென்று கேட்டது.

"எங்க பாட்டி கல்லறையப் பத்தி விசாரிச்சது நீங்கதானா? யாரு நீங்க?"

"நான் போக்னா. ஹிரோனிம் டுபியெலோட பொண்ணு."

"ஏழு வயசுல செத்த பையனுக்குப் பொண்ணா? நல்லாருக்கே! அடுத்தது என்ன, விபத்துல மாட்டிக்கிட்டீங்க, அவசரமா பணம் வேணுமா? போன வாரம்தான் எங்க மூணாவது மாடிக் கெழவிகிட்ட, 'நான்தான் பாட்டி உன் பேரன்'னு சொல்லிச் சுருட்டிட்டுப் போனானுங்க. எங்கம்மாகிட்ட அது நடக்காது. போலீஸுக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. அந்த வண்டியில வந்த பசுவுக்கு இடது கொம்பு பாதிதான் இருந்துச்சு. பால் கறக்கும்போது உங்க பாட்டி அதை மட்டும் துணியால கட்டி வைப்பாங்க."

எதிர்முனையில் ஒரு பேருந்தின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"இருங்க," என்றான் அவன். நடந்துபோகும் காலடிச் சத்தம். "நான் லுட்சியன். லோஜ்யாவோட பையன். இங்க பஸ் ஓட்டறேன். ... மாமா இப்ப எங்க இருக்காரு?"

"மார்ச்சுல இறந்துட்டாரு."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவளைக் குறித்துச் சொன்னதல்ல அது.

"அப்ப எதுக்கு இப்ப வந்தீங்க?"

அத்தை லோஜ்யா உயிரோடிருக்கிறார் என்பதே போக்னாவுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"எங்கம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு," என்றான் லுட்சியன். "ரெண்டு தடவை மாரடைப்பு வந்து பிழைச்சவங்க. தம்பிய நெனைச்சு அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சாச்சு. நீங்க வந்து, 'இந்தாங்க உங்க தம்பி'ன்னு கையில குடுத்துட்டு, அதே மூச்சுல பிடுங்கிக்கப் போறீங்க. தாங்குவாங்களா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. அதான் பயமா இருக்கு."

அடுத்த நாட்களில் இருவரும் பலமுறை பேசினார்கள். ஒரு தடவை லுட்சியன் வேண்டவே வேண்டாம் என்றான். இன்னொரு தடவை, சொல்லாமல் மறைத்து அம்மா போய்விட்டால் நான் எப்படித் தூங்குவேன் என்று அவனே புலம்பினான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெருவிழா அன்று போக்னா கல்லறைக்கு வரலாம், அத்தையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். லுட்சியனோடு வேலை பார்ப்பவள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

லிஃப்டின் அவசரப் பிரேக்கைச் சோதிக்கும்போது, கூண்டு உண்மையிலேயே விழுவதுபோல அதை ஓட விடுவார்கள். அதற்கு முன் பிரேக்கின் ஒவ்வொரு பாகத்தையும் போக்னா தொட்டுப் பார்த்துவிடுவாள். இங்கே தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. லெக்னிட்சா போகும் வழியில் இரண்டு முறை வண்டியை ஓரம்கட்டினாள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். அப்பாவைச் சிறு பையனாகப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். திரும்ப முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் சாமந்தித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊரே நின்றது. லுட்சியன் ஐம்பது வயதுக்காரன், தடித்த மனிதன். அவன் தோளைப் பிடித்து நடந்து வந்த லோஜ்யா அத்தை சின்ன உருவம், சாம்பல் நிறத் தொப்பி. தொப்பிக்கு வெளியே தெரிந்த காதுகளைப் பார்த்ததும் போக்னா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பாவின் காதுகள். மேலே கொஞ்சம் மடிந்தவை.

"இவங்க என்கூட வேலை பாக்கறவங்கம்மா," என்றான் லுட்சியன்.

அத்தை போக்னாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போய்ப் பத்து வருஷம் கழிச்சு ஒருத்தியக் கூட்டிட்டு வர்ற. அதுவும் எங்க? கல்லறைக்கு! ஒரு டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போகத் தெரியலியாடா உனக்கு?"

"அம்மா! அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் உன் மூஞ்சி அப்படிச் செவக்குது? நீ வாம்மா. இவன் நல்லவன்தான், கொஞ்சம் மந்தம். அந்தத் தீப்பெட்டிய எடு. காத்தைப் பாரு, உடம்பால மறைச்சுக்கோ."

போக்னா மண்டியிட்டுத் தீக்குச்சி உரசினாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. அத்தை தீப்பெட்டியைப் பிடுங்கி ஒரே உரசலில் ஏற்றினார். முதல் விளக்கு அப்பொலோனியாவுக்கு. இரண்டாவதைக் கையில் வைத்தபடி கல்லில் இருந்த கீழ்வரியைக் காட்டினார்.

"இது என் தம்பி. எங்கம்மா உசிரோட இருந்தவரைக்கும் இந்தப் பேரைப் போட விடல. கிறிஸ்துமஸ் ராத்திரி எதிர்பாராம வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு தட்டு எடுத்து வைப்போம்ல, அது எங்க வீட்ல அவனுக்குத்தான். அம்மா போனதும் நான்தான் கல்தச்சன்கிட்ட சொல்லிப் போட்டேன். எத்தனை நாளைக்குத்தான் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கிறது?"

"அம்மா, குளிருது, போலாம்," என்றான் லுட்சியன்.

"இரு. இந்தப் பொண்ணு வீட்டுக்கு வரப்போறவளா இருந்தா தெரிஞ்சுக்கட்டும். வெந்நிக்கு நான்தான் போயிருக்கணும். அம்மா என்னைத்தான் போகச் சொன்னாங்க. எனக்குக் காலு வலிச்சுது. வாளியை அவன் கையில குடுத்துத் தள்ளி விட்டேன். வரிசையில நின்னுக்கிட்டிருந்திருப்பான் பாவம், வாளி ரொம்பட்டும்னு. ஏழு வயசு. வண்டி ஓடறதைப் பாத்து ஓடி வந்து கீழ விழுந்தானோ என்னமோ. நான் கொன்னேன் அவனை."

ரயில் நேரம் சொல்வதுபோல அழுகையில்லாமல் சொன்னார். இதே சொற்களைப் பல வருடம் சொல்லிச் சொல்லித் தேய்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

லுட்சியன் தலையை அசைத்தான். வேண்டாம் என்றது அவன் கண்.

"அவர் வரிசையில நிக்கல," என்றாள் போக்னா.

சொல்லிவிட்டாள். இனி நிறுத்த முடியாது.

"வாளியை வரிசையில வெச்சுட்டு இன்ஜின் பாக்கப் போயிட்டாரு. இன்ஜினை வேடிக்கை பாத்துத்தான் வண்டிய விட்டாரு. விழல. அடிபடல. என்கிட்ட அவரே சொன்னாரு. எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு."

அத்தை விளக்கைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். லுட்சியன் ஓடிவந்து பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தான். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அத்தையின் வாய் ஓரம் நீலமாகிறதா, வெளிச்சம்தான் அப்படியா என்று போக்னாவால் தீர்மானிக்க முடியவில்லை.

மாத்திரை கரைந்ததும் அத்தை அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நேரே அவள் காதுகளுக்குப் போயிற்று.

"அவன் இருந்தா அவனே வந்திருப்பான். உன்னை அனுப்பியிருக்க மாட்டான். எப்ப?"

"மார்ச்சுல."

"எந்த மார்ச்சு?"

"இந்த மார்ச்சு."

"இந்த..." என்று அத்தை ஆரம்பித்தார். முடிக்கவில்லை. லுட்சியனிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வாரமா."

"அதான் ரெண்டு வாரமா என் மருந்து டப்பாவையே சுத்திச் சுத்தி வந்தியா, மடையா." மறுபடி போக்னாவிடம் வந்தார். "எங்க இருந்தான்?"

"ஒப்போலேல."

"ஒப்போலேலயா? இங்க இருக்கிற ஒப்போலேலயா? நான் ஒப்போலேக்கு எங்க ஆலையில வேலை பாத்தவங்களோட சுற்றுலா போயிருக்கேன்டி! என்னைத் தேடவே இல்லியா அவன்?"

"தேடினாரு. நீங்களும் தேடியிருக்கீங்க, லுட்சியன் சொன்னாரு. அவரை வளர்த்தவங்க பேர்லதான் பள்ளிக்கூடம் போனாரு. பட்டாளத்துல சேந்தப்பதான் டுபியெல்ங்கிற பேரைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. அதுக்குள்ள பாட்டி மறுகல்யாணம் பண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் பேர் மாறிப்போச்சு. நீங்க தேடினப்ப அந்தப் பேர்ல அவர் இல்ல. அவர் தேடினப்ப நீங்க இல்ல." போக்னா மூச்சு வாங்கினாள். "ஒரு லிஃப்ட் மேல போகும்போது இன்னொண்ணு கீழ வர்ற மாதிரி."

அத்தை இதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கல்லின் அடியில் எரியாமல் இருந்த இரண்டாவது விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்னத்துக்கு ஏத்தறது? ஆள் இங்க இல்லையே. அவனுக்கு இன்னைக்கு யாரு ஏத்தறா?"

"நான் திரும்பிப் போய்த்தான் ஏத்தணும்."

"அப்ப கிளம்பு. நானும் வரேன்."

"அம்மா, நெடுஞ்சாலையெல்லாம் இன்னைக்கு வண்டியா நிக்கும்," என்றான் லுட்சியன். "டாக்டர் என்ன சொன்னாரு? நாளைக்குப் போலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு, நாளைக்கு! என் வயசுல நாளைக்குங்கிறதெல்லாம் கடன் வாங்கின நாளு. மாத்திரையை எடுத்துக்கிட்டு வா, இல்லைன்னா வீட்டுக்குப் போய்ச் சூப் வை."

போக்னாவின் வண்டியில் லுட்சியன் முன்னால் உட்கார்ந்தான். அத்தை பின்னால், மடியில் அந்த ஏற்றாத விளக்கு. நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியது. கார்கள் ஊர்ந்தன. அத்தை கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"குடிப்பானா?"

"பண்டிகைன்னா ஒரு கிளாஸ்."

"உங்கம்மாவை அடிச்சானா?"

"சத்தமாப் பேசினதுகூட இல்ல. அம்மாதான் அவரை அதட்டுவாங்க."

"என்ன வேலை பாத்தான்?"

"ரயில்வே பணிமனை. இன்ஜின் பழுது பாக்கறது. ரிட்டையர் ஆகற வரைக்கும்."

"இன்ஜினா?" என்றார் அத்தை. பின்னாலிருந்து ஏதோ சத்தம். இருமலா சிரிப்பா என்று போக்னா கண்ணாடியில் தேடினாள். "புத்தி போகலியே நாய்க்கு."

போக்னா சொல்லிக்கொண்டே வந்தாள். பயணத்தில் அப்பா எந்த நிலையத்திலும் கீழே இறங்கமாட்டார், யாரையும் இறங்க விடமாட்டார். வண்டி புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே எல்லோரையும் ஏற்றி எண்ணிப் பார்ப்பார். பிளாஸ்க் நிறைய டீ வீட்டிலிருந்தே வரும். பத்து வயது வரை, ஓடும் வண்டியில்கூட அவள் மணிக்கட்டை விடமாட்டார். சிறுபிள்ளையாக இருந்தபோது அது எரிச்சலாக இருக்கும். மார்ச்சில் ஆஸ்பத்திரியிலும் மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தார். இதையெல்லாம் இறுதிச் சடங்கன்றுகூட ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை.

பின்னால் கேள்விகள் நின்றுவிட்டிருந்தன.

போக்னா கண்ணாடியைப் பார்த்தாள். அத்தையின் தலை சன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்வண்டிகளின் வெளிச்சத்தில் முகம் மெழுகாகத் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன.

"அத்தை?"

லுட்சியன் பெல்ட்டை அவிழ்த்துத் திரும்பினான். "அம்மா! அம்மா!" ஓரம்கட்ட இடமில்லை. இடமும் வலமும் வண்டிகள். நான் சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று மட்டும் போக்னாவின் தலைக்குள் ஓடியது.

"எதுக்குடா கத்தறே? உசிரோடதான் இருக்கேன்."

"கண்ணை மூடிக்கிட்டு என்ன பண்றீங்க?"

"அவனைத் திட்டறேன்," என்றார் அத்தை கண்ணைத் திறக்காமல். "இத்தனை வருஷம் அவனை ஒரு வார்த்தை திட்டினதில்ல. செத்த பிள்ளைய யாரு திட்டுவா? வெந்நிக்கு அனுப்பினா இன்ஜின் பாக்கப் போறானாம், இன்ஜின்! வளந்து, கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, காது வரைக்கும் அதுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான். இருக்கு அவனுக்கு. நடுவுல கூப்பிடாதீங்க."

லுட்சியன் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். கொக்கி உடனே விழவில்லை.

கண்ணாடியில் அத்தையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. விரல் ஒன்று மட்டும் மடியில் யாரையோ மிரட்டுவதுபோல ஆடியது. முன்னால் இருந்த வண்டிகள் விலகிச் சாலை திறந்தது. பின்னால் வந்தவன் ஒலி எழுப்பினான். போக்னா வேகத்தைக் கூட்டவில்லை. வலது ஓரத்துக்கு ஒதுங்கி, லாரிகளுக்குப் பின்னால், அவற்றின் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.