மஞ்சள் மாத்திரையும் கீழாநெல்லியும்

அப்பாவை அந்த ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்தேனே, அது அக்கறையா, என் பயமா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா செய்யூர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கேளம்பாக்கத்தில் எங்களோடு இருக்கிறார். நான் வேலைக்குப் போனால் என் ஒரு வயது மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மின்கம்பம் ஏறும் வேலை செய்து பிழைத்த உடம்பு. பிரஷருக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஒரு லேப்காரர்கள் எங்கள் குடியிருப்புக்கே வந்து ரத்தம் எடுத்தபோது அவர் பெயரையும் கொடுத்தேன். அறிக்கையில் ஹோமோசிஸ்டீன் என்ற வரியில் மட்டும் ஒரு சிவப்பு அம்பு. கைபேசியில் தேடினால் மாரடைப்பு, பக்கவாதம் என்று வந்தது. அன்று மகளுக்கு ஊட்டிய சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "பி வைட்டமின் கம்மியானா இது ஏறும். இவருக்கு பி12 அளவு குறைவோட ஓரத்துல நிக்குது. வயசானா மீன் சாப்பிட்டாலும் உடம்பு முழுசா எடுத்துக்காது" என்று பி வைட்டமின்கள் சேர்ந்த ஒரு மாத்திரை எழுதினார்.

"சத்து மாத்திரைதாம்பா" என்று கொடுத்தேன். அதோடு விட்டிருக்கக் கூடாது. வயிற்றில் மகள் இருந்தபோது இப்படி ஒரு மாத்திரை போட்டுச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகி, நானே பயந்திருக்கிறேன். வைட்டமினின் நிறம்தான் என்று நர்ஸ் சிரித்தார். அப்பாவிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேனா, மறந்தேனா?

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கோவளத்திலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்து வறுத்தேன். அப்பா தொடவில்லை. உப்பில்லாத மோர்ச்சோறு போதும் என்றார். மறுநாள் காலை மகளுக்கு கேரட் அரைத்து ஊட்டினால், துப்பினாள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசந்தது. மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது.

"இதுல இன்னாப்பா அரைச்ச?"

"கீழாநெல்லி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். காமாலை வந்துகீது. ஒன்னுக்கு மஞ்சமஞ்சளா போச்சு. கைக்கொழந்தைக்காரி, சொன்னா நீ பேஜாராயிடுவன்னுதான் சொல்லல."

"பிரஷர் மாத்திரை போடறியா?"

"பத்தியத்துல இங்கிலீஷ் மருந்து ஆவாதுமா. படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியாதா?"

இரண்டு மாத்திரையையும் நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு மறுபடி செங்கல்பட்டுக்கு ஓடினோம். டாக்டர் பிரஷர் பட்டையை இரண்டு முறை கட்டிப் பார்த்தார். பிரஷர் ஏறியிருந்தது. ரத்தம் எடுக்க எழுதினார். ரத்தத்தில் காமாலை இல்லை. ஹோமோசிஸ்டீன் இறங்கியிருந்தது.

"அப்போ அட்டாக் வராதா டாக்டர்?"

"அளவு இறங்கும்மா. அதனால அட்டாக்கும் தள்ளிப்போகும்னு உறுதியா சொல்ல முடியாது. பி12-க்காக அந்த மாத்திரையும் போடட்டும். ஆனா பிரஷர் மாத்திரைய மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது."

டாக்டர் சொன்னதில் அப்பாவுக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. பேருந்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார். "நம்பர் இறங்கிடுச்சில்ல? பாஸ் பண்ணிட்டேன். அந்த மஞ்ச மாத்திரைய நிறுத்து, பிரஷர் மாத்திரைய நான் தவறாம போடறேன்."

"அது வெறும் நிறம்பா."

"உனுக்கு நிறம். காலைல பாக்கறவன் நானு."

வற்புறுத்தினால் இரண்டையும் ஒளித்து நிறுத்திவிடுவார். முன்பே செய்தவர். விட்டுக்கொடுத்தால், அந்த அம்பு மறுபடி ஏறும், நான்தான் ஏற விட்டேன் என்று ஆகும். இப்போதைக்கு பிரஷர் மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்குகிறார். மற்றதை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது என்ன கேட்பது என்றும் குழப்பமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருந்தால், அவர் நம்பும்படி இதை எப்படிச் சொன்னீர்கள்? அவர் சொன்ன பேரத்துக்கு நான் ஒத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.