சபூரா வாசித்த பக்கம்

சிலாவத்துறையில் சட்டை தைக்கும் சபூரா கதைகளும் எழுதுகிறார். அவருடைய ஒரே தொகுப்பில் பதினொரு கதைகள். ஒன்றில்கூட யாரும் சாகவில்லை. எல்லாம் சிரிப்பு.

வெள்ளி மாலைகளில் தொலைக்காட்சியில் வரும் புத்தக நிகழ்ச்சியை அவர் பல வருடமாகப் பார்க்கிறார். முடிவில், வந்த எழுத்தாளர் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை வாசிப்பார். யாரும் குறுக்கே பேசுவதில்லை. அந்தப் பக்கத்துக்காகத்தான் சபூரா பேட்டிக்கு ஒப்புக்கொண்டார்.

நிகழ்ச்சி நடத்தும் பிரணவன் கொழும்பிலிருந்து வந்தார். புத்தகத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில், தொண்ணூறில், முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது எதைத் தூக்கிக்கொண்டு போனீர்கள், முகாமில் என்ன கறி, யார் செத்தார்கள் என்றே கேட்டார். சபூரா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் எழுதிய புத்தகம் அதுவல்ல.

கடைசியில் பக்கத்தை வாசித்தார். கல்யாண வீட்டில், வட்டிலப்பம் என்ற இனிப்பு இருந்த சட்டியை ஒளித்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, வட்டிலப்பமே வரவில்லை என்று மாப்பிள்ளையின் வாப்பா சத்தியம் செய்யும் இடம். கமராக்காரர் சுபாஸ்கரன் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒளிபரப்பைப் பார்க்க நாத்தனார் றஹீமாவும் அயலவரும் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். பக்கம் வரவில்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல். சபூரா முக்காட்டு நுனியால் முகம் துடைக்கிறார், மெதுவாக, இரண்டு தடவை. கீழே ‘கண்ணீரின் எழுத்தாளர்’ என்று போட்டிருந்தார்கள்.

“எப்ப மச்சி அழுதனீங்க?” என்று றஹீமா கேட்டார்.

“அழுததோ? வேர்வையடி! சத்தம் கேக்குதெண்டு ஃபேனை நிப்பாட்டிப்போட்டாங்கள், நாசமாப் போவாங்கள்.”

முகாமில் வளர்ந்தவர் சிரிக்கக்கூடாது என்று எங்கும் சட்டமில்லை. தொலைக்காட்சியில் இருக்கிறது போலும்.

மறுநாள் சபூரா பிரணவனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“என்ட பக்கம் எங்க?”

“அக்கா, அந்த இடத்தில படம் ஆடிப்போச்சு. எங்கட கமராக்காரர் சிரிச்சிட்டார். பாவிக்கேலாது.”

“அவர் சிரிச்சது பிழையாப் போச்சோ?”

“அப்பிடியில்லை. சனம் உங்களிட்ட எதிர்பாக்கிறது வேற.”

“முகாமில என்ன கறியெண்டு சனமோ கேட்டது? நீங்கள்தானே கேட்டனீங்கள்.”

பிரணவன் பேச்சை மாற்றினார்: “ஒக்டோபரில வெளியேற்ற நினைவு நாளுக்குச் சிறப்பு நிகழ்ச்சி செய்யிறம். கட்டாயம் வாங்கோ அக்கா.”

“இந்தப் பக்கத்தை வாசிக்க விடுவீங்களோ?”

“அண்டைக்கு... கொஞ்சம் பொருத்தமா வேற ஏதும்...”

“அப்ப எனக்குத் தையல் இருக்கு. அந்தக் கமராக்காரத் தம்பியை மட்டும் அனுப்பிவிடுங்கோ. மிச்சப் பத்துக் கதையும் வாசிச்சுக் காட்டுறன். கமராவை அங்கயே வைச்சிட்டு வரச்சொல்லுங்கோ.”